நின்றுகொண்டே ஓடும் லாரிகள்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் முப்பது நாற்பது வருடமாகக் குடியிருப்பவர் எவரும் லாரியின் தயவில்லாமல் வாழ்ந்ததில்லை. வீடு கட்டும்போது ஜல்லி லாரி. கோடை வந்தால் தண்ணீர் லாரி. செப்டிக் டேங்க் நிரம்பினால் கழிவுநீர் லாரி. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். ஆனாலும் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களுக்கு இன்றும் அந்த லாரிதான் கதி. அது வாசலில் அரை மணி நேரம் உறுமிக்கொண்டு நின்றால் ஜன்னலைச் சாத்துகிறோம். கூப்பிட்ட நாளில் வராவிட்டால் போன் போட்டுச் சத்தம் போடுகிறோம்.

அந்த உறுமலைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். 1975 முதல் 2010 வரை ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு லாரி சர்வீஸ் கம்பெனியில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். மெக்கானிக் இல்லை, கையில் கிரீஸ் படாத உத்தியோகம். ஆனால் ஊருக்கு என்ன வியாதி என்பது டாக்டருக்கு முன்னால் மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் இல்லையா? அதுபோல எந்த லாரி எதனால் சாகிறது என்பது கவுண்டருக்கு வரும் ஆர்டர் சீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிடும். திருச்சிக்கும் மதுரைக்கும் போய்வரும் லாரிகளுக்கு டயரும் பிரேக் லைனிங்கும் கிளட்ச் பிளேட்டும் வாங்குவார்கள். உள்ளூரைத் தாண்டாத லாரிகளுக்கு வாங்குவது நாசில், பிஸ்டன் ரிங், லைனர். முப்பத்தைந்து வருடமும் இது மாறவில்லை. நூறு கிலோமீட்டர்கூடப் போகாத லாரிக்கு ஏன் எஞ்சின் இறக்க வேண்டியிருக்கிறது என்று முதலாளிகள் ஒவ்வொருவரும் கேட்பார்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. டீசல் எஞ்சினைப் பொறுத்தவரை நம் சென்னை பாக்கியசாலி ஊர். யுத்தம் முடிந்த காலத்தில் ரோட்டில் ஓடிய ஷெவர்லே, டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு லாரிகள் பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். 1950-களில் மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி, இங்கிலாந்து பெர்க்கின்ஸ் எஞ்சின்களைச் செம்பியத்தில் தயாரிக்கத் தொடங்கியது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பி-6 பெர்க்கின்ஸை உட்கார வைப்பது அந்த நாளில் பெரிய தொழில். எண்ணூரில் 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்தான் பூட்டியது. பிறகு லேலண்டோடு கைகோத்து, 1950-களின் நடுவில் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. காமெட் லாரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். வடக்கே ஜாம்ஷெட்பூரில் டாடா 1954-ல் பென்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்து முகப்பிலிருந்த நட்சத்திரம் போய்விட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆறு வருடம் ஆகியும் டிரைவர்கள் ‘பென்ஸ் வண்டி’ என்றுதான் சொல்வார்கள். பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி, போஷ் முறையில் டீசல் பம்பும் நாசிலும் செய்தது. எஞ்சின் யாருடையதானாலும் என் அலமாரியில் பாதி டப்பா மைக்கோ டப்பாதான்.

அந்த பம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு சிலிண்டருக்கு ஆறு ‘எலிமெண்ட்’. அதாவது ஒரு சிறு உலக்கையும் அது ஓடுகிற குழலும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடி எழுபது மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோடி ஜோடியாகத்தான் விற்போம், ஒன்றின் உலக்கையை இன்னொன்றின் குழலில் போடக்கூடாது. பம்பை பெஞ்சில் ஏற்றிச் சுற்றவிட்டால் ஆறு கண்ணாடிக் குழாயில் டீசல் விழும். ஆறிலும் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை திருகித் திருகிச் சரிசெய்வார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கென்றே ஒரு பம்ப் மெக்கானிக் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான். தனியாகக் கடை வைத்திருந்தார், சாமான் மட்டும் எங்களிடம் வாங்குவார். பெஞ்சின் மேல் ஊதுபத்தி வாசனை, கீழே டீசல் வாசனை. ஆறு குழாயையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் பார்க்கும் பார்வையை நகைக்கடை ஆசாரியிடம்தான் பார்த்திருக்கிறேன்.

டாடா-பென்ஸ் பம்புக்குப் பின்னால் ஒரு வட்ட டப்பா இருக்கும். அதற்குள் தோலில் செய்த டயாஃப்ரம். எஞ்சின் இழுக்கும் காற்றின் வாக்குவம் அந்தத் தோலை இழுத்துப் பிடித்து, டீசல் அளவைக் கட்டுக்குள் வைக்கும். தோல் காய்ந்து கிழிந்தால் பிடிக்க ஆளில்லை, ஸ்பிரிங் முழு டீசலையும் திறந்துவிடும். எஞ்சின் தறிகெட்டு அலறும். ஸ்டாப் ஒயர் வேலை செய்கிற லாரி பிழைத்தது. இல்லாவிட்டால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். நின்ற இடத்தில் என்றால் கிளீனர் ஓடிவந்து காற்று இழுக்கும் வாயில் கோணிச் சாக்கைத் திணிப்பான். அவ்வப்போது நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் தோலைப் பதமாக வைத்திருந்தால் இந்தக் கூத்து கிடையாது. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் வாங்கிய குரோம்பேட்டையின் பக்கத்தில் தோல் காய்ந்து லாரி நிற்பதா என்று நாங்கள் கேலி செய்வதுண்டு.

இனி நம் உள்ளூர் லாரிகளுக்கு வருகிறேன்.

முதலில் குவாரி லாரி. பல்லாவரம், பம்மல், திரிசூலம் மலைகளை உடைத்துத்தான் பாதி சென்னையைக் கட்டினோம். இந்தக் கல்லுக்கே ஒரு சரித்திரம் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் வைத்த கல் நம் பக்கத்து மலைக்கல். 1893-ல் ஹாலந்து என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து சார்னகைட் என்று பெயர் வைத்தார். சமாதிக்கு ஏற்ற உறுதி. அதே உறுதிதான் எஞ்சினுக்கு எமன். கிரஷர் தூசி ஏர் கிளீனரில் நுழைந்தால் லைனரை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். அன்றைய ஏர் கிளீனர் என்பது அடியில் எண்ணெய் ஊற்றிய ஒரு கிண்ணம், தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். நெடுந்தூர லாரிக்கு அது வாரக்கணக்கில் தாங்கும். குவாரியில் சாயங்காலத்துக்குள் எண்ணெய் சேறாகிவிடும். தினம் யார் கழுவுகிறார்கள்?

தண்ணீர் லாரிக்கு வேறு வியாதி. லாரி நிறையத் தண்ணீர் இருக்கிறதே என்று ரேடியேட்டருக்கும் அதையே ஊற்றுவார்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியாததா? வீட்டு ஹீட்டரில் படிகிற அதே சுண்ணாம்பு எஞ்சினின் உட்சுவரில் படியும். சூடு ஏறும், கேஸ்கட் போகும், கடைசியில் ஹெட் விரிசல் விடும். தண்ணீர் சுமக்கிற வண்டி தண்ணீராலேயே செத்தது என்று ரெஜிஸ்டரில் எழுத இடமில்லை. ‘ஹெட் மாற்றம்’ என்று எழுதுவோம்.

டீசலில் கிருஷ்ணாயில் கலப்பது அந்த நாளின் இன்னொரு சாபம். டீசலுக்கே உள்ள வழவழப்புதான் அந்த உலக்கைக்கும் குழலுக்கும் எண்ணெய், வேறு எண்ணெய் கிடையாது. ரேஷன் மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. பாய் ஒரு எலிமெண்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, “பாருங்க சார், கோடு கோடா கீறியிருக்கு. ஓனரு நாலு காசு மிச்சம் பிடிச்சாரு, அதை எனக்கும் உங்களுக்குமா பங்கு போட்டுக் கொடுக்கிறாரு” என்பார்.

தூசி, உப்பு, கலப்படம் மூன்றையும்விடப் பெரிய காரணத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஒரு லாரி முதலாளி கவுண்டரில் நின்று, ஆயில் மாற்றியே ஐயாயிரம் கிலோமீட்டர் ஆகவில்லை, அதற்குள் ரிங் போய்விட்டதே என்று அங்கலாய்த்துக்கொண்டிருந்தார். பாய் குறுக்கே, “எத்தனை கிலோமீட்டர்னு சொல்றீங்களே, எத்தனை மணி நேரம்?” என்று கேட்டார். முதலாளி விழித்தார். நான்கூட அதுவரை யோசித்ததில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கழிவுநீர் லாரி நாளைக்கு ஐந்து நடை அடிக்கிறது, நடைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வையுங்கள். மீட்டரில் அறுபது. ஆனால் ஒவ்வொரு நடையிலும் உறிஞ்ச அரை மணி, கொட்டக் கால் மணி, சந்திலும் சிக்னலிலும் முக்கால் மணி. எஞ்சின் ஓடியது ஏழரை மணி நேரம். அதே ஏழரை மணி நேரத்தில் மதுரை ரோட்டு லாரி மணிக்கு நாற்பத்தைந்து என்று போனாலும் முந்நூற்று முப்பதைத் தாண்டிவிடும். இரண்டு எஞ்சினும் ஒரே அளவு உழைத்திருக்கின்றன, ஆயிலும் ஒரே அளவு கருத்திருக்கிறது. மீட்டரோ உள்ளூர் லாரிக்கு ஐந்தில் ஒரு பங்குகூடக் காட்டவில்லை. முதலாளி மீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றுகிறார். வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா இருப்பதாக நினைக்கிறார். உண்மையில் கியர் பாக்ஸிலிருந்து தனியாக ஒரு ஷாஃப்ட் எடுத்து, அதில்தான் உறிஞ்சும் பம்பு சுற்றுகிறது. டிப்பரின் தொட்டியைத் தூக்குவதும் அதே வழிதான்.

இன்னொன்று, சும்மா ஓடுவது எஞ்சினுக்கு ஓய்வு இல்லை. பாரமில்லாமல் மெதுவாக ஓடினால் போதுமான சூடு ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் நாசில் முனையில் கரி கட்டும். ரிங் லைனரில் சரியாக அழுந்தாமல் லைனர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும், பிறகு ஆயில் குடிக்கும். டீசல் எஞ்சின் பாரம் இழுக்கப் பிறந்த ஜென்மம். “நின்னு ஓடுற வண்டிக்கு மணிக்கு நாற்பது கிலோமீட்டர்னு போட்டுக் கணக்கு எழுதுங்க சார்” என்பது பாயின் சூத்திரம். ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு மீட்டர் உண்டு, லாரிக்கு அந்த நாளில் கிடையாது. சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்கள் ரிங் வாங்க என் கவுண்டருக்கு வருவது குறைந்துபோனது. கம்பெனிக்கு நஷ்டம்தான்!

இப்படி வியாதிகள் இருந்தாலும் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. லேலண்ட் 1980-களில் ஜப்பானின் ஹினோ எஞ்சினுக்கு மாறியபோது, “இது நமக்குப் படியாது” என்று கைவிரித்த மெக்கானிக்குகள் இரண்டே வருடத்தில் அதையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தார்கள். ஆறு சிலிண்டரில் எது சரியாக அடிக்கவில்லை என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு டீசல் பைப் நட்டையும் ஸ்பானரால் லேசாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் நோயாளி. செலவு ஒரு ஸ்பானர், ஒரு காது. ஒரு வேஷ்டித் துண்டும்.

அந்த வித்தையை இன்றைய எஞ்சினில் செய்தால் கை போய்விடும். மிகைப்படுத்தவில்லை. அன்று நாசிலில் அழுத்தம் சுமார் இருநூறு பார். இன்றைய காமன் ரெயிலில் ஆயிரத்து அறுநூறும் அதற்கு மேலும். கசிகிற டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. பாரத் ஸ்டேஜ் புகைக் கட்டுப்பாடு படிப்படியாக வந்தது. 2010-ல் சென்னை உட்பட 13 நகரங்களுக்கு நாலாம் ஸ்டேஜ், மற்ற இடங்களுக்கு மூன்றாவது. நான் ஓய்வு பெற்றது அந்த வருடம்தான். மூன்றாம் ஸ்டேஜ் வண்டிகளை 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கக் கூடாது என்று மார்ச் 29-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும், மிச்சமிருந்த இரண்டு நாளில் ஷோரூம்களில் திருவிழாக் கூட்டம். அந்தக் கட்டத்தில் லேலண்ட் புகையை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே சுழற்றிவிடும் வழியில் போனது. டாடா யூரியா கரைசல் தெளிக்கும் வழியில் போனது. அடுத்து ஐந்தாம் ஸ்டேஜைத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரலில் ஆறாம் ஸ்டேஜ். மூன்றாம் ஸ்டேஜில் டீசலில் கந்தகம் 350 பங்கு இருக்கலாம், நாலில் 50, ஆறில் 10.

புகையில்லா வண்டிக்கு நான் எதிரி இல்லை. 1990-களில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை ஸ்கூட்டரில் வந்து முகம் துடைத்தால் கைக்குட்டையில் வந்த கறுப்பு எனக்கு மறக்கவில்லை. என் வயதுக்காரர்களின் இருமலில் அந்த ரோட்டுக்கும் பங்குண்டு.

ஆனால் இந்தப் புது எஞ்சினை வரைந்தவர்கள் மனதில் இருந்தது நெடுஞ்சாலை லாரி என்று எனக்குத் தோன்றுகிறது. சைலன்சர் இருந்த இடத்தில் கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பினால் அதிலுள்ள கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஐந்நூறு அறுநூறு டிகிரி சூடு தேவை. நாலு மணி நேரம் பாரத்தோடு ஓடுகிற லாரியில் இந்தச் சுத்தம் பெரும்பாலும் போகிற போக்கிலேயே நடந்துவிடும், டிரைவருக்கே தெரியாது. நின்றுகொண்டே ஓடும் லாரிக்கு அந்தச் சூடு எப்போது வரும்? கரி சேர்ந்துகொண்டே போகும். சூடேற்ற வேண்டி எஞ்சின் கூடுதல் டீசலை விடும்போது, அதில் கொஞ்சம் கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்வதும் உண்டு. விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்தி, பட்டனை அழுத்தி, அரை முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் கொதிக்கும் சைலன்சரோடு குரோம்பேட்டைச் சந்தில் எங்கே நிற்பது?

எங்கள் பகுதிக்கு வரும் கழிவுநீர் லாரிக்காரருக்கு இருப்பது ஒரே லாரி. பழையதை விற்றுவிட்டு 2022-ல் தவணையில் புதியது எடுத்தார். டிரைவர் விளக்கைப் பொருட்படுத்தவில்லை. சில வாரத்தில் லாரி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு, நொண்டியபடி ஓரமாக நின்றுவிட்டது. எஞ்சினில் எந்தப் பாகமும் உடையவில்லை என்பதுதான் வேடிக்கை. சர்வீஸ் சென்டரில் லேப்டாப் வைத்திருப்பவர் வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் பதினைந்து வீட்டுக்காரர்கள் அவருக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுத்து 1993-ல் ஒரு சட்டம், மலக்குழிக்குள் ஆளை இறக்குவதையும் தடுத்து 2013-ல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, அதை நடைமுறையில் காப்பாற்றுவது இந்த லாரி. லாரி கிடைக்காத இடத்தில் யாரோ ஒரு ஏழையைக் கயிறு கட்டி இறக்கிய செய்தி இன்றும் பேப்பரில் வருகிறது. அதனால்தான் வடிகட்டி அடைப்பதை வெறும் மெக்கானிக் சமாசாரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

சென்டரில் அவருக்கு ஒரு யோசனை சொல்லி அனுப்பினார்கள்: வாரம் ஒருமுறை நல்ல ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். இப்போது ஞாயிறு விடிகாலையில் காலி லாரியை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகிறார். பரனூர் சுங்கச்சாவடிக்குக் காசு அழ வேண்டாம் என்று சிங்கப்பெருமாள் கோவிலில் திருப்பிவிடுவார். “நீங்க ஏரிக்கரையில வாக்கிங் போறீங்க, நான் லாரியை வாக்கிங் கூட்டிட்டுப் போறேன் சார்” என்றார். டீசல் செலவு அவருடையது.

யூரியா கரைசலிலும் ஒரு பொறி. அதில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி சுத்தமான நீர். உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றினால் ஆகாதா என்று சிக்கனக்காரர்கள் நினைக்கிறார்கள். உர யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசித்தான் விற்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். வேப்பெண்ணெய் வயலுக்கு நல்லது, லாரியின் கேட்டலிஸ்டுக்கு விஷம். கிருஷ்ணாயில் காலத்துப் புத்தி புது வேஷத்தில் வந்திருக்கிறது. சிலர் வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்ற ஆள் தேடுகிறார்கள். அது குற்றம், அந்தப் புகை மறுபடி நம் மூக்குக்குத்தான். ஆனால் அவர்களை அங்கே தள்ளுவது எது என்பதையும் பார்க்க வேண்டும்.

பாய் இப்போது இல்லை. அவர் மகன் கடையை நடத்துகிறார். ஆறு கண்ணாடிக் குழாய் பெஞ்ச் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது, பழைய வண்டி ஒன்றிரண்டு வந்தால் எடுக்கிறார். பையன் சளைத்தவர் இல்லை, ஸ்கேனர் வாங்கி, கோடு படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். “படிக்க முடியுது அங்கிள், எழுத விட மாட்டேங்கிறாங்க” என்கிறார். இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு எண் பொறித்திருக்கிறது. புதியது போட்டால் அந்த எண்ணை எஞ்சினின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பல வண்டிகளில் அதற்குக் கம்பெனியின் சாப்ட்வேரும் கடவுச்சொல்லும் தேவை. பெர்க்கின்ஸ் வந்தபோதும் ஹினோ வந்தபோதும் மெக்கானிக்குக்குத் தடையாக இருந்தது அறியாமை, அது பழகப் பழகப் போய்விட்டது. இது பூட்டு. பழகினால் பூட்டு திறக்காது. மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ல் ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று குழு போட்டு, அந்த டிசம்பரில் ஓர் இணைய வாசலும் திறந்தது. மோட்டார் வண்டிகளையும் அதில் சேர்த்தார்கள். தாம்பரம் ரோட்டோரக் கடைக்கு அந்தச் சாவி இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு நல்ல சங்கதியும் உண்டு. லாரிக்காரரிடம் பாயின் சூத்திரத்தைச் சொன்னேன். புது வண்டியில் அதற்குச் சூத்திரமே வேண்டாம், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கம்ப்யூட்டரே கணக்கு வைத்திருக்கிறது, டேஷ்போர்டில் பட்டனைத் தட்டினால் காட்டும் என்று பாய் மகன் வந்து எடுத்துக் காட்டினார். லாரிக்காரர் மூன்று வருடமாக அந்தப் பக்கத்தைத் திருப்பியதே இல்லை. இப்போது கேபின் கதவின் உட்புறம் சாக்பீஸால் இரண்டு வரிசை எழுதுகிறார், கிலோமீட்டர் ஒன்று, மணி ஒன்று. போன வாரம் எங்கள் தெருவில் நின்றபோது எட்டிப் பார்த்தேன். மணி ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது.